ஒன்பது மெட்டு, இரண்டு ஒலிப்பதிவு: வடசென்னை ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார் கலைஞர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பெரம்பூரில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். இங்கே எழுதியிருப்பது 2014 முதல் 2025 வரை என் கண்ணெதிரே நடந்த ஒரு கிட்டார் கலைஞரின் கதை. எழுத அவர் சம்மதித்தார், பெயர் வேண்டாம் என்றார். வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவனாக இதை நான் எழுத முடியாது. நடந்த தவறுகளில் குறைந்தது இரண்டு என்னுடையவை.

பின்னணி

வியாசர்பாடியில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் அவர் வீடு. அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் என்ற ரயில் பெட்டிப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூர், ராயபுரம் பக்கம் கிட்டார் ஒன்றும் பணக்காரப் பொருளல்ல. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் இருந்த இடம் என்பதால், தெருவுக்கு ஒருவராவது நாலு கார்டு வாசிப்பார். இவரும் தேவாலயக் குழுவில் பின்வரிசையில் நின்று கற்றவர்தான். அப்புறம் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை போனார். பணம் கட்ட முடியாமல் அதோடு நிறுத்திவிட்டார்.

2009-ல் ஒரு பிரவுசிங் சென்டரில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஆண்டி மெக்கீயின் வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். 2006-ல் யூடியூபில் ஏறி உலகம் முழுக்கச் சுற்றிய, ஒற்றைக் கிட்டாரை மட்டும் வைத்து வாசித்த வீடியோ அது. ஒரே ஆள் பேஸ், தாளம், மெட்டு மூன்றையும் வாசிப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்ததாகச் சொல்வார். ஃபிங்கர்ஸ்டைலில் கம்பியை மீட்டும் சின்னத் தகடு, அதாவது பிக் கிடையாது. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போக, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பிடிக்கும். மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர்கள் வழியாக வந்த அந்தக் கட்டைவிரல் பழக்கத்தை இவர் மொட்டைமாடியில் இரண்டு வருடம் உட்கார்ந்து பழகினார். சொல்லித்தர ஆள் இல்லை.

2014–2017: அடுத்தவர் பாட்டில்

2014-ல் ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்குக் கிட்டார் வாசிக்க என் கூடத்துக்கு வந்தார். வயது 24. அடுத்த மூன்று வருடம் விளம்பர ஜிங்கிள், கிறிஸ்தவப் பாடல்கள், சுயாதீனப் பாடகர்களின் சிங்கிள் என்று பல இடங்களில் வாசித்தார். பாட்டுக்கு 2,000 ரூபாய், கையில் ரொக்கம். வவுச்சர் கிடையாது, யாரும் எழுதி வாங்கவும் இல்லை.

2017 கடைசியில் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். வாசித்தது 63 பாட்டு, பெயர் வந்தது நாலில். அந்த நாலில் ஒன்றில் பெயர் தப்பு. இப்படி அடுத்தவர் பாட்டுக்குக் கூலிக்கு வாசிக்கும் செஷன் வேலையில் இது வழக்கம்தான் என்று அன்று சொன்னேன். வழக்கம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த 63 பாட்டில் அவருடைய வாசிப்பு என்று ஒன்றுகூட இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது எல்லாக் கம்பியையும் சேர்த்து வருடும் ஸ்ட்ரம்மிங். கட்டைவிரல் வேலைக்கு அங்கே இடமே இல்லை.

2017–2019: சினிமாப் பாட்டும் உரிமைக் கோரிக்கையும்

அதனால் சினிமாப் பாடல்களை ஒற்றைக் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றி யூடியூபில் போட ஆரம்பித்தார். நன்றாகவே போனது. ஒரு வீடியோ நாலு லட்சம் பார்வையைத் தாண்டியதும் தெருவில் பெயர் பரவிவிட்டது. வருமானம் மட்டும் பூஜ்யம். வீடியோ ஏறிய சில மணி நேரத்திலேயே மெட்டின் உரிமையாளர் பெயரில் தானியங்கிக் கோரிக்கை வந்துவிடும். வீடியோ இருக்கும், விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகும்.

முதல் கோரிக்கை வந்த இரவு, சேனலே போய்விடும் என்று பயந்து போன் செய்தார். க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரைக் என்பது உரிமை மீறலுக்கான எச்சரிக்கை, மூன்று சேர்ந்தால் சேனலுக்கு ஆபத்து. க்ளெய்ம், அதாவது இந்தக் கோரிக்கை, பணம் யாருக்கு என்ற கேள்வி மட்டும். “நான்தானேண்ணே வாசிச்சேன்?” என்று கேட்டார். வாசிப்பு உன்னுடையது, மெட்டு உன்னுடையதல்ல என்றேன். இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் நேர் எதிராகத் திரும்பி அவரைக் காப்பாற்றியது. அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

பதினோரு சினிமாப் பாடல்களை ஆல்பமாக வெளியிட ஒரு யோசனை இருந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 31சி பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முதலிலேயே கட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொரு பாட்டுக்கும். கேசட் கடைக் காலத்தை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு என்று தோன்றுகிறது. வியாசர்பாடி மொட்டைமாடிக்கு அது சரிப்பட்டு வராது. யோசனையைக் கைவிட்டோம்.

இப்படி அடுத்தவர் பாட்டைக் கவராக வாசித்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பாடகரின் கமகத்தைக் கம்பியில் கொண்டுவரப் போராடித்தான் அவருடைய இடது கை இப்போதுள்ள நிலைக்கு வந்தது.

2019: முதல் ஆல்பம்

சொந்த மெட்டுகள் ஒன்பது சேர்ந்திருந்தன. அதில் ஒன்றின் பெயர் ‘காலைச் சங்கு’. அப்பாவின் பணிமனைச் சங்கொலியில் தொடங்கும் மெட்டு. ஒரு சிறு இசை நிறுவனம் வெளியிட முன்வந்தது. 25,000 ரூபாய் கொடுத்தார்கள், இரண்டு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் அதைப் படித்தார். நானும் படித்தேன். இருவருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

ஒலிப்பதிவு என் கூடத்தில் இரண்டே நாளில் முடிந்தது. இங்கேதான் என் முதல் தவறு. பக்கத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் மைக்கை ஒதுக்கிவிட்டு, கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் சேடிலின் கீழ் இருக்கும், அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ பிக்-அப்பிலிருந்து நேராக வயர் இழுத்துப் பதிவு செய்தேன். வெளிச்சத்தம் வராது, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த வகை பிக்-அப் கம்பி அழுத்தும் இடத்து அதிர்வைத்தான் எடுக்கும். மரப்பெட்டி காற்றில் விடும் மூச்சு அதில் வராது. அடிக்கும்போது ஒரு டொக்கு, விட்டதும் ஒன்றுமில்லை. முதல் மிக்ஸைக் கேட்டுவிட்டு, “அண்ணே, இது கிட்டாரா, ரப்பர் பேண்டா?” என்றார். எதிரொலி கொஞ்சம் சேர்த்துச் சமாளித்தேன்.

அது போதாதென்று மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பில் சத்தத்தை மேலே தள்ளினேன். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் சமன் செய்துதான் ஒலிக்கவிடும். நான் நசுக்கி ஏற்றியதை அவர்கள் இறக்கிவிட்டார்கள். நசுங்கல் மட்டும் மிச்சம். ஆல்பம் ஒரு விளம்பரமும் இல்லாமல், கலைஞர் பெயரில் ஓர் எழுத்து பிசகி வெளிவந்தது. அதன்பின் நிறுவனத்திடமிருந்து கணக்கு எதுவும் வரவில்லை.

2021: ஒப்பந்தத்தை மறுபடி படித்தபோது

ஊரடங்குக் காலத்தில் கச்சேரியும் செஷனும் நின்றுபோன நிலையில், தன் மெட்டுகளையே திரும்ப வாசித்து இணையத்தில் போட்டார். அது ஒப்பந்த மீறலாகுமா என்று சந்தேகம் வர, உறவுக்கார வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். பத்து நிமிடத்தில் படித்து முடித்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன், இந்த வரலாற்றின் நடுமையமே இதுதான்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டு ஒன்று, அந்த மெட்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இவர் எழுதிக்கொடுத்தது ‘இந்த ஒலிப்பதிவுகளின் முழு உரிமை, உலகம் முழுவதும், நிரந்தரமாக’. மெட்டைப் பற்றி இரண்டு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காத உரிமை கைமாறாது. ஆகவே மெட்டு இவரிடமே இருக்கிறது. மறுபடி பதிவு செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இல்லை. இப்படியொரு நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும். இதில் இல்லாதது நல்ல காலம். அதற்கு எங்கள் சாமர்த்தியம் காரணமல்ல, அவர்களின் அவசரம்தான் காரணம்.

2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமா அல்லாத ஒலிப்பதிவிலும் இசையமைத்தவர் ராயல்டியில் சம பங்கு கேட்கலாம் என்றும் சொன்னார். ஆனால் பங்கு போடும் அளவுக்குத் தொகை இருக்காது, நோட்டீஸ் அனுப்பும் செலவுதான் அதிகம் என்று அவரே சிரித்தார்.

முன்னால் நாலு வழி இருந்தது. வழக்குப் போடலாம். பழைய பதிவை விலைக்கு வாங்கலாம், கேட்டதற்கு இரண்டு லட்சம் என்றார்கள். அதை விட்டுத் தொலைத்துப் புது மெட்டு போடலாம். அல்லது அதே ஒன்பதையும் முதலிலிருந்து பதிவு செய்யலாம். புதிதாகப் போடு, பழசைத் தோண்டாதே என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்த ஒம்போதும் நான் வருஷக்கணக்கா வாசிச்சது. ரப்பர் பேண்டாவே அது நிக்கக் கூடாதுண்ணே.”

அந்த நாட்களில் ஜான் ஃபேகி என்ற கிட்டார் கலைஞரைப் பற்றி அவர் நிறையப் படித்துக்கொண்டிருந்தார். 1959-ல் அமெரிக்காவில், எந்தக் கம்பெனியும் ஒற்றைக் கிட்டாருக்கு இடம் தராத காலத்தில், தன் இசைத்தட்டைத் தானே அச்சடித்து டாகோமா என்ற பெயரில் வெளியிட்டவர். பத்து வருடம் கழித்து இன்னொரு கிட்டார் கலைஞரான லியோ காட்கேயின் ஆல்பத்தை வெளியிட்டதும் அதே டாகோமாதான். 1976-ல் கிட்டார் கலைஞர் வில் அக்கர்மன் விண்டம் ஹில் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கியதும் இதே போக்கில்தான். இந்த வகைக் கிட்டாரில் சொந்தமாக வெளியிடுவது புதுசு அல்ல, அதுதான் பழைய வழி என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

2022–2023: மொட்டைமாடி அறை

இந்த முறை மைக் வைத்தே ஆக வேண்டும். என் கூடத்து வாடகை அவருக்குக் கட்டாது, எனக்கும் இலவசமாக மாதக்கணக்கில் விட முடியாது. அவர் வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறை ஒன்று, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. சுவரில் பழைய மெத்தை இரண்டு, ரஜாய் மூன்று. சின்ன டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஒரு ஜோடி என்னுடையது, கடனாகக் கொடுத்தேன்.

ஒன்றைக் கிட்டார் கழுத்தில் பன்னிரண்டாவது ஃப்ரெட் கட்டைக்கு எதிரே ஒரு அடி தள்ளி வைத்தோம், இன்னொன்றைக் கம்பிகள் பெட்டியில் முடியும் பிரிட்ஜுக்குப் பின்பக்கமாக. முதல் நாள் இரண்டையும் மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடமாகச் சேர்த்துக் கேட்டால் பேஸ் காணாமல் போனது. இரண்டு மைக்குக்கும் ஒலி வந்து சேரும் நேரம் பொருந்தாமல் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டது. பின்மைக்கை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தோம். கோடு இப்போதும் இருக்கிறது.

சத்தம்தான் பெரிய பாடு. ஃபிங்கர்ஸ்டைல் மெல்லிய வாசிப்பு என்பதால் மைக் ஒலியைப் பெருக்கும் கெயினை ஏற்ற வேண்டும், ஏற்றினால் ஊரே உள்ளே வந்துவிடும். பகலில் முடியவே முடியாது. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் டிக், டிக் என்று ஏதோ சொடுக்கும் ஒலி. பூச்சி என்று நினைத்து அறையைக் கவிழ்த்துத் தேடினார். பகல் வெயிலில் விரிந்த ஓடு குளிர்ந்து சுருங்கும் சத்தம் அது. நள்ளிரவுக்கு மேல்தான் அடங்கும். ஆக, பதிவு நேரம் ஒன்றரை முதல் நாலு மணி வரை. அதற்குள் கூட்ஸ் வண்டி எத்தனை, எப்போது என்று ஒரு தாளில் குறித்துக் கதவில் ஒட்டினார். ஃபேன் போட முடியாது. வேர்வை விரலில் இறங்கும், கம்பி வழுக்கும். மாடியில் விளக்கெரிவதைப் பார்த்துவிட்டு அவர் அம்மா, “ராவெல்லாம் ஃபேன நிறுத்திட்டு இன்னாடா பண்ற, பேய் பிடிச்சா மாதிரி” என்று படியில் நின்று கேட்டது ஒரு டேக்கில் பதிவாகியிருக்கிறது.

ஈரப்பதம் அடுத்த தலைவலி. மரக்கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் நல்லது என்பார்கள். எங்கள் பக்கம் பின்னிரவில் அதெல்லாம் கனவு. மேல்பலகை உப்பிக் கம்பி உயர்ந்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, வாசிக்கும் நேரம் மட்டும் வெளியே எடுப்பார். உப்புக்காற்றில் பாஸ்பர் பிரான்ஸ் கம்பி இரண்டு வாரம்கூடத் தாங்காது.

நகம் தனிக்கதை. வலக்கை நகம்தான் இவருக்குப் பிக். சொந்த நகம் உடைந்துகொண்டே இருந்ததால் ஒரு பியூட்டி பார்லரில் அக்ரிலிக் நகம் வைத்துக்கொண்டார். நாலு விரலுக்கு மட்டும், அதுவும் ஒரே கையில். “கல்யாணமாண்ணா?” என்று கேட்ட பெண், மூன்றாவது முறை போனபோது ஒலி எப்படி வருகிறது என்று கேட்டு, ஓரத்தை இன்னும் மெலிதாகத் தேய்த்துக் கொடுத்தாராம். அடுத்த பதிவில் மெட்டுச் சுரங்களின் உரசல் பாதியாகக் குறைந்திருந்தது. நான் இரண்டு மாதம் ஈக்வலைசரில் தேடியது அது.

2023 நவம்பருக்குள் ஒன்பதும் முடிந்தன. ஆறு மெட்டுகளின் முழு ட்ராக்குகளை மிக்ஸிங்குக்காகப் பென் டிரைவில் என்னிடம் கொண்டுவந்து தந்திருந்தார்.

டிசம்பர் 2023

மழை தொடங்கியதும் ஓட்டில் ஒழுகல் வர, கம்ப்யூட்டரையும் ஹார்டு டிஸ்க்கையும் பத்திரமாக இருக்கட்டும் என்று கீழ் வீட்டுக்கு இறக்கினார். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். வியாசர்பாடியும் புளியந்தோப்பும் தண்ணீரில் நின்றன. அவர் வீட்டில் முட்டிக்கு மேல். ஹார்டு டிஸ்க் இருந்தது பீரோவின் கீழ்த்தட்டில். கிட்டார் மாடியிலேயே இருந்ததால் தப்பியது.

தரவு மீட்கும் இடத்தில் 40,000 ரூபாய் கேட்டார்கள், கிடைக்கும் என்று உறுதி இல்லை என்றார்கள். வீட்டில் கட்டில், ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் போயிருந்த மாதம் அது. வேண்டாம் என்று முடிவு செய்தார். என்னிடம் இருந்த ஆறு பிழைத்தன. மூன்று போயின. அந்த மூன்றுக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய எம்பி3 மட்டுமே மிச்சம்.

என் இரண்டாவது தவறு இங்கே. மிச்சம் மூன்றையும் கொண்டுவா, இங்கே ஒரு பிரதி இருக்கட்டும் என்று நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆறை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துவிட்டேன்.

2024: வெளியீடு

ஆறையும் ஒரே ஆல்பமாகப் போடாமல், மே மாதத்திலிருந்து, மாதத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே வெளியிட்டார். வெளியிடுமுன் செய்த வேலைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். புதிய ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும், அதை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்ஆர்சி எண்ணைப் புதிதாக வாங்கினோம். 12 எழுத்து கொண்ட இந்த எண் மெட்டுக்கு உரியதல்ல, பதிவுக்கு உரியது. பழையதைப் போட்டால் கணக்கு பழைய நிறுவனத்துக்கே போய்ச் சேரும். அப்புறம் தலைப்புகளை மாற்றினார். ‘காலைச் சங்கு’ ‘இரண்டாம் ஷிப்ட்’ ஆனது. தேடுபவர் கையில் ரப்பர் பேண்டு சிக்கக் கூடாது என்பதுதான் காரணம். பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும், 1969-லிருந்து இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் இசையமைப்பாளராகவும் பதிந்துகொண்டார்.

ஒரு வருடக் கணக்கு பெரிதாக இல்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை ஒலிக்காத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. ஆறில் இரண்டுதான் அதைத் தாண்டின. அந்த வழியில் வந்த மொத்தப் பணத்தில் ஒரு செட் கம்பி வாங்கலாம். வீட்டை நடத்துவது இன்றும் அவர் எடுக்கும் கிட்டார் வகுப்புதான்.

ஆனால் அக்டோபரில் ஒரு குறும் ஆவணப்படக்காரர் ‘இரண்டாம் ஷிப்ட்’ மெட்டைப் படத்தில் சேர்க்கக் கேட்டார். மெட்டுக்கு ஒருவர், பதிவுக்கு ஒருவர் என்று இரண்டு இடத்தில் அனுமதி வாங்க வேண்டியது வழக்கம். இங்கே இரண்டும் ஒரே ஆள். மதியம் மூன்று மணிக்கு வந்தவர் நாலரைக்குக் கையெழுத்தோடு போனார். 15,000 ரூபாய், அந்த ஒரு படத்துக்கு மட்டும், வேறு யாருக்கும் கொடுக்கத் தடையில்லை. ஒரே பக்கம். இந்த முறை அதை நாங்கள் இருவரும் உண்மையிலேயே படித்தோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

செஷன் வாசிக்க வருபவர்களிடம் இப்போது ஒரு வரியாவது எழுதி வாங்குகிறேன், எழுதியும் கொடுக்கிறேன்: யார், எந்தப் பாட்டு, என்ன வாசித்தார், பெயர் எப்படிப் போட வேண்டும். ஒற்றைக் கிட்டார் என்றால் பிக்-அப்பைத் துணைக்கு மட்டும் வைக்கிறேன். பதிவு முடிந்த அன்றே ஒரு பிரதி என் இடத்தில், ஒன்று அவர்கள் இடத்தில், ஒன்று இணையத்தில். ஒப்பந்தம் வந்தால் முதலில் நான் தேடுவது ‘மறுபதிவு’ என்ற சொல்லை.

2017-லேயே சொந்த மெட்டுக்கு அவரைத் தள்ளியிருக்கலாமா என்று யாராவது கேட்டால், தெரியவில்லை என்றுதான் சொல்வேன். அன்று அவரிடம் மூன்று மெட்டுதான் இருந்தது.

இப்போதைய நிலை

போன மூன்று மெட்டில் இரண்டை 2025 தொடக்கத்தில் திரும்பப் பதிவு செய்துவிட்டார். மூன்றாவதில் சிக்கல். அதை வழக்கமான சுருதியில் வாசிக்கவில்லை. கம்பிகளைக் கூட்டியும் குறைத்தும் ஒரு புது டியூனிங் வைத்து, அதை ஃபைலின் பெயராக எழுதியிருந்தார். ஃபைலே போய்விட்டது. எம்பி3-க்கு வாட்ஸ்அப் வேறு பெயர் வைத்துவிட்டது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம் என் கூடத்தில் அந்த எம்பி3-ஐப் பாதி வேகத்தில் ஓடவிட்டு உட்கார்ந்தோம். ஹார்மோனிக்ஸ் ஒலிக்கும் இடங்களை வைத்து ஐந்து கம்பியைக் கண்டுபிடித்துவிட்டார். நாலாவது மட்டும் பிடிபடவில்லை. அந்தக் கம்பியை மெட்டு முழுக்க அழுத்தியே வாசித்திருக்கிறார், ஓர் இடத்தில்கூடத் திறந்து விடவில்லை. டி சுரமாகவும் இருக்கலாம், சி சுரமாகவும் இருக்கலாம். டி வைத்தால் மூன்றாவது பகுதியில் சுண்டுவிரல் எட்டவில்லை. சி வைத்தால் எட்டுகிறது, ஆனால் ஒலி அது இல்லை என்கிறார்.